மிதித்தும் விடாத கிளட்ச்

நடவுக்கு நாள் நெருங்கிவிட்டது. கிளட்ச் பிளேட் மாற்றிய டிராக்டர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து களத்தில் நிற்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, பெடலை அடிவரைக்கும் மிதித்துக் கியரைத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று பல் அரைக்கிறது. எஞ்சினை நிறுத்திப் பார்த்தால் அதே கியர் சத்தமே இல்லாமல் விழுகிறது. அப்படியானால் கிளட்ச் விடவில்லை என்று பொருள். "புதுப் பிளேட்தானே, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அதை நம்பி ஓட்டினால் அதற்குள் கியர் பல் போய்விடும்.

பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவே கிளட்ச் பிளேட் இறுகி நிற்கிறது. பெடலை மிதித்ததும் ரிலீஸ் பேரிங் நகர்ந்து, பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது, பிடி தளர்கிறது. அப்போது கிடைக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம். அதனால் சின்னப் பிசகுகூட அதை விழுங்கிவிடும்.

உடனே வண்டியை மறுபடி இரண்டாகப் பிரிக்க வேண்டாம். வெளியிலிருந்து தொடங்குங்கள். பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். கனமாகத் தட்டுப்படும் முன் அது சும்மா இறங்கும் தூரத்தைத்தான் 'ப்ளே' என்கிறோம். பல டிராக்டர்களில் இது ஏறக்குறைய 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம். உங்கள் வண்டிக்கு உரிய அளவு கையேட்டில் இருக்கும். ப்ளே கூடினால் கிளட்ச் விடாது. அறவே இல்லாவிட்டால் பிடிக்காமல் வழுக்கும். அடுத்து, எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஒருவர் பெடலை மிதிக்க இன்னொருவர் பக்கவாட்டு லீவரைக் கவனியுங்கள். பெடல் இறங்கியும் லீவர் அசையாவிட்டால், இரண்டையும் இணைக்கும் பின்னோ கம்பியோதான் குற்றவாளி.

வெளியே எல்லாம் சரியா? அப்போது உள்ளே பார்க்க வேண்டியதுதான். பிளேட்டின் நடுக்குமிழ் ஒரு பக்கம் அதிகமாகத் துருத்தி நிற்கும். பக்கம் மாற்றிப் போட்டால் அது பிளைவீல் போல்ட்டில் இடிக்கும். எவ்வளவு மிதித்தாலும் விடாது. பிரஷர் பிளேட்டின் விரல்கள் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால், ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் பிடித்துக்கொண்டிருக்கும். எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும்போது பாரத்தைப் பிளேட்டின் மேல் தொங்கவிட்டால் பிளேட் வளைந்துபோகும். கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருந்தால், பிளேட் விட்டாலும் ஷாஃப்ட் பிளைவீலோடு சேர்ந்தே சுற்றும். உதிரிபாகத்துக்காக மழைக்காலம் முழுக்க நின்ற வண்டியா? பிளேட் துருவேறிப் பிளைவீலோடு ஒட்டியிருக்கலாம்.

வண்டியைப் பிரித்துச் சேர்ப்பது ஒரு நாள் வேலை. ஆகவே, சேர்ப்பதற்கு முன் பக்கத்தில் நின்று மெக்கானிக்கிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: "அண்ணே, குமிழ் எந்தப் பக்கம் பார்க்குது? விரலெல்லாம் ஒரே மட்டமா இருக்கா?" அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டிய பிறகு போல்ட்டை முடுக்கட்டும்.