கிளினிக் நாளுக்கும் பேர் வேண்டும்

(கல்முனையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் பேசியது)

  

மலைத் தோட்டத்திலிருந்து வந்த நாங்கள் சீனி வருத்தத்தைப் பற்றிப் பேசுவது ஏன் என்று நினைப்பீர்கள். ஹிங்குராணையில் கரும்பு வெட்டுகிறவர்களும் வயலில் கூலிக்குப் போகிறவர்களும் இங்கே இருக்கிறீர்கள். கொழுந்தோ, கரும்போ, நெல்லோ, நமக்கெல்லாம் ஒரே கணக்குத்தான். கால் நின்றால் சம்பளம் நின்றுவிடும்.

எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்த ஓர் அக்கா இருக்கிறார். பல மாதமாகத் தாகம், இரவில் நாலைந்து தடவை எழும்பிப் போவது, உடம்பு மெலிவு. "வெயிலில் நிற்கிறவளுக்குத் தாகம் வராதா?" என்பார். கிளினிக்குக்குப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, அதனால் போகவில்லை. ஒருநாள் செருப்புக்குள் கல் ஏறிக் குத்தியிருக்கிறது. பொழுதுபட வீட்டுக்கு வந்தபோது மகள்தான் இரத்தத்தைக் கண்டாள். புண் ஆறவில்லை, கடைசியில் பெருவிரலை எடுத்தார்கள். நோ இருந்திருந்தால் அன்றைக்கே கல்லைத் தட்டிவிட்டிருப்பார். நரம்பு செத்த காலில் நோ வராது. அந்த மகளுக்குப் படிப்பித்த நாங்களும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது எங்கள் பிழை.

பிரித்தானியாவில் 1977இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினார்கள். புதிதாகச் சீனி என்று கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குக் கண்ணிலோ காலிலோ வேறெங்காவதோ ஏற்கெனவே பழுது தொடங்கியிருந்தது. 1998இல் முடிவு வந்தது. சீனியை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்றவற்றில் வரும் கேடு நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதனால் "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே" என்ற பேச்சை விடுவோம். ஒன்றும் செய்யாத காலம்தான் பார்க்க வேண்டிய காலம்.

வெறும் வயிற்றில் 100க்குக் கீழே என்றால் நல்லது. 100 முதல் 125 வரை எச்சரிக்கை. இந்தக் கட்டத்தில் சோற்றைக் குறைத்து, தேத்தண்ணிச் சீனியை விட்டு, நடந்தால் பலர் தப்பலாம். 126 அல்லது அதற்கு மேல் மறுபடியும் வந்தால் சீனி வருத்தம். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் சுகவாழ்வு நிலையங்களில் 35 தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள். கலியாண வீட்டுச் சகனை விடச் சொல்லவில்லை. அது நடக்கிற காரியமா? கையை மட்டும் கொஞ்சம் முந்தி எடுங்கள்.

நோன்பு வருமுன்னே, ஒரு மாதத்துக்கு முன்பாவது, டொக்டரைக் கண்டு குளிசை நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். நோன்பில் சீனி 70க்குக் கீழே போனால் உடனே திறந்துவிட வேண்டும் என்பதே வைத்தியர்களின் அறிவுரை. உயிர் போகிற விசயம் அது. தினமும் இரவில் பாதத்தைப் பாருங்கள், பார்வை குறைந்தவர்களுக்குப் பிள்ளைகள் பார்க்கட்டும். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, கிளினிக் நாளில் கூலியை வெட்டினால் யார் போவார்? கிளினிக் அட்டையைக் காட்டினால் அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் எங்கள் சங்கம் வைக்கும் முதல் கோரிக்கை இதுதான்.

35 தாண்டியவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள், ஒன்றாகவே போவோம். எங்களில் வயது வந்தவர்கள் கொடுத்துவிட்டோம். அன்று காலை தேத்தண்ணிகூடக் குடிக்காமல் வர வேண்டும்.