பச்சை மரக்கறிச் சலாதும் மணவிலைப் புளிச்சாறும்

(கமக்காரருக்கும் அவர்தம் குடும்பத்துத் தாய்மாருக்கும் நிகழ்த்தப்பட்ட பேச்சு)



விதை, பசளை, நீர், பீடை என்பன பற்றிப் பேசுவதே இத்தகைய கூட்டங்களின் வழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் உலையேற்றாத ஓர் உணவாகும். பச்சை மரக்கறிகளை வெட்டி, மணமுள்ள இலைகளும் எண்ணெயும் புளியும் சேர்ந்த சாற்றில் கலந்து உண்ணும் சலாதைப் பற்றியே கூறப்போகின்றேன். இது சமையற்கட்டின் விடயம், இதில் கமக்காரனுக்கு என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். மற்றெந்த உணவைக் காட்டிலும் இதிலேதான் கமக்காரனுக்கு வேலை அதிகம். காரணத்தைச் சொல்கின்றேன்.

சோறும் கறியும் அடுப்பிலே கொதிக்கின்றன. தோட்டத்தில் ஒட்டிய நோய்க்கிருமிகளையும் புழுக்களின் முட்டைகளையும் அத்தீ அழித்துவிடுகின்றது. சலாதுக்குத் தீ இல்லை. பாத்தியில் இருந்த நன்மையும் தீமையும் அவ்வாறே கோப்பைக்கு வருகின்றன. ஆகவே, சலாது ஆக்கும் வேலை தோட்டத்துப் பாத்தியிலேயே தொடங்குகின்றது என்பதை முதற்கண் மனத்திற் கொள்ளுங்கள்.

பச்சையாக உண்பது எதற்காக?

நல்ல தக்காளியும் கரட்டும் சாக்கிலே கட்டப்பட்டுச் சந்தைக்குப் போக, வீட்டிலுள்ளோர் சோற்றையும் ஒரு கறியையும் சொதியையும் உண்டு எழும் வழக்கம் நம்மிடையே பல இல்லங்களில் உண்டு. வயிறு நிறைகின்றது; ஆயினும் உடலுக்கு வேண்டிய எல்லாம் கிடைத்துவிடுவதில்லை. ஒருவர் நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் உண்ணவேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாகும்.

விற்றமின் சி என்னும் உயிர்ச்சத்து நீரிற் கரைவது, சூட்டில் அழிவது. நெடுநேரம் அவித்து, அவித்த நீரையும் ஊற்றிவிட்டால் அதிற் பெரும்பகுதி போய்விடும். இச்சத்துக்கு இன்னுமொரு சிறந்த பணி உண்டு. அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளைச் சாப்பாட்டில் விற்றமின் சி சேர்ந்திருந்தால், அவ்விரும்புச்சத்து கூடுதலாக உடலிற் சேர்கின்றது. கருவுற்ற தாய்மாரையும் சிறுவரையும் வாட்டும் குருதிச்சோகை நம் நாட்டினின்று இன்னும் நீங்கவில்லை. ஆதலால், சோற்றின் பக்கத்தில் வைக்கும் ஒரு பிடி சலாதை வெறும் அழகுக்கென்று எண்ணவேண்டாம். உண்டவுடன் தேநீர் அருந்தினால் அது இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். தேநீரை ஒரு மணி நேரமாவது தள்ளிப் பருகுங்கள்.

பாத்தியிலே செய்யவேண்டியவை

முதலாவது, எரு. பச்சைச் சாணத்தையும் புதிய கோழியெருவையும் பச்சையாக உண்ணும் பயிருக்கு இடுதல் ஆகாது. ஐக்கிய அமெரிக்காவின் சேதன வேளாண் விதிகள், மண்ணைத் தொட்டு வளரும் உணவுப் பயிருக்குப் பச்சை எரு இட்டால் அறுவடைக்கு முன் 120 நாட்கள் செல்லவேண்டும் என்கின்றன. வல்லாரையும் கரட்டும் மண்ணைத் தொட்டே வளர்கின்றன. நன்கு மக்கிய கூட்டெருவையே இடுங்கள். குவியலின் உட்புறம் 55 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறிப் பல நாட்கள் நிற்கவும், இடையிடையே கிளறி வெளிப்புறத்தை உட்புறமாக்கவும் வேண்டும். அப்போதுதான் கிருமிகள் அழியும்.

இரண்டாவது, நீர். மலகூடத்தின் கசிவோ மாட்டுத்தொழுவத்தின் கழிவோ சேரும் வாய்க்காலில் இருந்து இப்பயிர்களுக்கு நீர் இறைக்கவேண்டாம். வயிற்றுளைவும் நெருப்புக்காய்ச்சலும் வட்டப்புழுவும் அவ்வழியாகவே வீட்டுக்குள் வருகின்றன. காப்புக் கட்டுள்ள கிணற்று நீரை, இயலுமானால், இலையின் மேல் தெளிக்காது வேரடியில் பாய்ச்சுங்கள்.

மூன்றாவது, நஞ்சு. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் பதியப்பட்ட மருந்தையே வாங்குங்கள். கடைசியாகத் தெளித்தபின் அறுவடை வரை எத்தனை நாட்கள் காத்திருக்கவேண்டும் என்பதைச் சுட்டுத்துண்டில் பார்த்து, அந்நாட்களை விரல்விட்டு எண்ணுங்கள். சந்தைக்குப் போகும் மரக்கறிக்கும் இவ்விதி பொருந்தும். அதை உண்பதும் ஒரு குழந்தையே. சில மருந்துகள் பயிரின் உடலுக்குள் ஊறிவிடுகின்றன. அவற்றை எவ்வளவு கழுவினாலும் போக்க முடியாது. நாட்கணக்கு ஒன்றே வழி.

நெற்செய்கையாளருக்கு ஒரு சொல். வயல் வரம்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகவே முளைக்கின்றன. களை பிடுங்கப் போனவர் ஒரு பிடி பறித்துவந்து சம்பல் அரைப்பது பழைய வழக்கம். களைநாசினி தெளிக்கும் வயலின் வரம்பிலிருந்து இக்காலத்தில் அவ்வாறு பறித்தல் வேண்டாம். அவ்விலைகளை வீட்டுப் பாத்தியிலே நட்டுக்கொள்ளுங்கள்.

கழுவுதலும் வெட்டுதலும்

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிய பின்னரே மரக்கறியைத் தொடவேண்டும். மரக்கறியைச் சவர்க்காரத்தாற் கழுவுதல் கூடாது. சுத்தமான நீரை ஊற்றி ஊற்றிக் கழுவுங்கள். வல்லாரையை வேர் நீக்கி, இலையிலையாகப் பிரித்து, தண்டடியில் ஒட்டிய மண் போகும்வரை மூன்று நான்கு முறை கழுவல் வேண்டும். கோவாவின் வெளி இலைகளை நீக்கிவிடுங்கள். உப்புநீரில் சிறிது நேரம் அமிழ்த்தினால் இலையிடுக்கில் உள்ள புழுபூச்சிகள் வெளிவரும். ஆனால், உப்புநீர் கிருமியைக் கொல்லும் என்று நம்பாதீர்கள். புளியும் அவ்வாறே. வட்டப்புழுவின் முட்டைகள் புளிக்கு அஞ்சுவனவல்ல. கிணற்று நீரில் ஐயம் இருந்தால் கொதித்து ஆறிய நீரினாற் கடைசிமுறை அலசுங்கள்.

முதலிற் கழுவி, நீர் வடிந்தபின் வெட்டுங்கள். வெட்டியபின் ஊறவைத்தால் விற்றமின் சி நீரோடு போய்விடும். மீன் வெட்டிய கத்தியும் பலகையும் சலாதுக்கு ஆகா.

ஐவர் உள்ள குடும்பத்துக்குப் பின்வரும் அளவு போதும்:

வெள்ளரிக்காய் – 250 கிராம்
தக்காளி – 200 கிராம்
கரட் – 150 கிராம்
கோவா – 100 கிராம்
சின்ன வெங்காயம் – 50 கிராம்
வல்லாரை – ஒரு பிடி
பச்சை மிளகாய் – 1, விரும்பினால்

வெள்ளரியின் இரு நுனிகளையும் வெட்டிச் சுவைத்துப் பாருங்கள். கடுங் கசப்பாயின் அக்காயை முழுதாக ஒதுக்கிவிடுங்கள். அக்கசப்பு வயிற்றுக்குத் தீங்கானது. கரட்டைத் துருவியும், கோவாவையும் வல்லாரையையும் நூல்போல் அரிந்தும், ஏனையவற்றை மெல்லிய துண்டுகளாக்கியும் கொள்ளுங்கள். கோணலான கரட்டையும் சந்தையில் விலைபோகாத சிறு தக்காளியையும் இதற்குப் பயன்படுத்தலாம். அழுகலும் பூஞ்சணமும் பற்றியது மாத்திரம் ஆகாது.

புளிச்சாறு கூட்டும் முறை

எண்ணெயையும் காடியையும் கலந்து இலைமரக்கறிக்கு ஊற்றும் வழக்கம் பிரான்சு நாட்டிலே பெயர்பெற்றது. அவர்கள் மூன்று பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு காடி சேர்ப்பர். நமது நாவுக்குப் புளிப்பு சற்று மிகுதியாக வேண்டுமாதலால், இரண்டு பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு புளி பொருத்தமாகும்.

தேவையானவை:

நல்லெண்ணெய் – 3 மேசைக்கரண்டி
தேசிக்காய்ச் சாறு – 1½ மேசைக்கரண்டி
கடுகு – ½ தேக்கரண்டி
உள்ளி – 1 பல்
உப்பு – ½ தேக்கரண்டி
மிளகுதூள் – சிறிதளவு
புதினா இலை – 12
கொத்தமல்லி இலை – ஒரு சிறு பிடி

கடுகையும் உள்ளியையும் உப்பையும் சிறிது நீர் விட்டு அம்மியில் மைபோல் அரையுங்கள். புதினாவையும் கொத்தமல்லியையும் கத்தியாற் பொடியாக அரிந்து அதனோடு சேருங்கள். தேசிக்காய்ச் சாற்றை ஊற்றிக் கலந்த பின்னர், எண்ணெயைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே கரண்டியால் அடியுங்கள். எண்ணெயும் புளியும் தாமாக ஒன்றுசேர மாட்டா. அரைத்த கடுகே இரண்டையும் சிறிது நேரம் பிரியாமல் வைத்திருக்கும். அச்சாறுக்குக் கடுகை வினாகிரியில் அரைக்கும் தாய்மாருக்கு இது புதிய வித்தை அன்று. அமிலம் அலுமினியத்தை அரிக்குமாதலால், மண்சட்டியோ கண்ணாடிப் பாத்திரமோ கொள்ளுங்கள்.

எண்ணெய் எதற்கு என்று கேட்பீர்கள். கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டீன் எண்ணெயிற் கரைவது. சிறிதளவு எண்ணெய் சேர்ந்தால்தான் அதனை உடல் நன்கு ஏற்று, கண்ணுக்கும் தோலுக்கும் வேண்டிய விற்றமின் ஏ ஆக மாற்றும். சிறுபோகத்தில் எள் விளைப்போருக்கு நல்லெண்ணெய் வீட்டுப் பொருளே. தேங்காயெண்ணெயும் ஆகும், ஆனால், அது ஏறக்குறைய 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறைவதால் நுவரெலியா போன்ற குளிர்ந்த இடங்களுக்கு ஏற்றதன்று. எண்ணெய் வாங்க இயலாதபோது இரண்டு பிடி தேங்காய்ப்பூவைச் சேருங்கள். அதிலும் எண்ணெய்ச் சத்து உண்டு.

தேசிக்காயா, வினாகிரியா என்பது அடுத்த கேள்வி. இங்கே பழைய செய்தியொன்று கூறத்தக்கது. 1747 ஆம் ஆண்டில் ஜேம்சு லிண்ட் என்னும் பிரித்தானியக் கடற்படை வைத்தியர், முரசு கரைந்து குருதி கசியும் நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வொரு சோடிக்கும் வெவ்வேறு மருந்து கொடுத்தார். வினாகிரி பெற்ற சோடி தேறவில்லை. தோடம்பழமும் எலுமிச்சையும் பெற்ற சோடியே விரைவில் எழுந்து நடமாடியது. இரண்டும் புளிப்பே, எனினும், வினாகிரியில் விற்றமின் சி இல்லை. ஆகவே தேசிக்காயை முதலிற் கொள்ளுங்கள். அதன் விலை ஏறியிருக்கும் காலத்தில் தென்னங்கள்ளிலிருந்து இயற்கையாகப் புளித்த வினாகிரியைக் கொள்ளலாம். சுவைக்கு அது நன்று.

கலத்தலும் பரிமாறலும்

வறண்ட மண்ணில் யூரியாவை மிகுதியாக இட்டால் பயிர் வாடிக் கருகுவதைக் கண்டிருப்பீர்கள். வெளியே உப்பு மிகுந்தால் உள்ளிருக்கும் நீர் வெளியேறிவிடும். சலாதுக்கும் அதுவே நிகழும். நேரத்தோடு கலந்து வைத்தால் வெள்ளரியும் தக்காளியும் நீர்விட்டுத் துவண்டுபோகும். ஆகவே, சாற்றை வேறாக வைத்திருந்து, சோறு பரிமாறும் வேளையிலே ஊற்றிக் கலவுங்கள். கலந்த சலாதை இரண்டு மணி நேரத்துக்குள் உண்டு முடித்தல் வேண்டும். மிஞ்சியதை மறுநாளுக்கு வைக்கவேண்டாம். உள்ளியும் பச்சை இலையும் கலந்த எண்ணெயைப் போத்தலில் அடைத்து நாட்கணக்கில் வெளியே வைத்தலும் பேராபத்து. காற்றுப் புகாத இடத்தில் வளரும் கொடிய நஞ்சுக் கிருமி அதிலே பெருகக்கூடும். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றே கூட்டுங்கள்.

பச்சையாக உண்ணத்தகாதவை

மரவள்ளிக் கிழங்கையும் அதன் இலையையும் ஒருபோதும் பச்சையாக உண்ணலாகாது; அவற்றிலிருந்து சயனைட்டு என்னும் நஞ்சு தோன்றும். போஞ்சியையும் பயற்றங்காயையும் அவித்து ஆறவைத்தே சேர்க்கவேண்டும். முளைத்த பயறு நல்லுணவாயினும், பயறு முளைக்கும் ஈரத்திலும் சூட்டிலும் கிருமியும் பெருகும். ஆதலால் அதனைச் சிறிது ஆவியில் அவித்துக்கொள்ளுங்கள். கருவுற்ற தாய்மாருக்கும் சிறு குழந்தைகளுக்கும் கொடுக்கும் சலாதில் கழுவும் முறையை இரட்டிப்புக் கவனத்தோடு கைக்கொள்ளுங்கள்.

இறுதியாக ஒன்று வேண்டுகின்றேன். கிணற்றடிக்கு அண்மையில், ஒரு மீற்றர் அகலமும் மூன்று மீற்றர் நீளமும் உள்ள ஒரு பாத்தியை இப்போகத்திலேயே வீட்டுக்கென்று ஒதுக்குங்கள். குளிக்கும் சவர்க்கார நீர் அதிற் பாயாதிருக்கட்டும். ஈரமான ஓரத்தில் வல்லாரைக் கொடியை நடுங்கள். அரைநிழலில் புதினாத் தண்டை ஊன்றுங்கள். கொத்தமல்லி விதையை இரண்டாக உடைத்து விதையுங்கள். வெப்பமான இடங்களில் அது விரைவிற் பூத்துவிடுமாதலால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிது சிறிதாக விதைத்தல் நன்று. அப்பாத்திக்கு மக்கிய கூட்டெருவன்றி வேறு பசளை வேண்டாம். நஞ்சு எதுவும் தெளிக்கவேண்டாம். பீடையோ நோயோ கண்டால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுங்கள்.

பிறருக்கு மரக்கறி விளைத்துக் கொடுக்கும் வீட்டிலே, பிள்ளைகள் அச்சத்துக்கு ஏங்கி நிற்றல் தகாது. நம்பிக்கையோடு பச்சையாகப் பறித்து உண்ணத்தக்க ஒரு பாத்தியேனும் ஒவ்வொரு கமக்காரர் வளவிலும் இருத்தல் வேண்டும் எனக் கேட்டு, எனது பேச்சை முடித்துக்கொள்கின்றேன்.