போர்ஷன் முடிந்ததா?

பள்ளிக்கு வரும் பெற்றோர் ஆசிரியையான என்னிடம் முதலில் கேட்பது, "போர்ஷன் முடிஞ்சுதா, மிஸ்?" புரிந்ததா என்று கேட்பவர் அபூர்வம்.

மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்தில், குழந்தைகளே சோதனை செய்து முடிவை எழுதினார்கள். பரீட்சைக்குப் புத்தகத்தையே கொண்டுபோகலாம்! 2002-ல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது, நமக்குத்தான் நஷ்டம்.

நான் பாடத்திட்டம் போடும்போது, கடைசியில் குழந்தை எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதையே முதலில் எழுதுகிறேன். பரப்பளவு என்றால், சூத்திரத்துக்கு முன் வகுப்பறைத் தரைக்கு எத்தனை டைல்ஸ் என்று அவர்களே அளக்கிறார்கள். நான்கு பீரியட் போகும். வேறு பாடத்தில் குறைத்துத்தான் ஆகவேண்டும். அதற்குக் கோபிக்காமல், உங்காத்துக் கூடத்துக்கு எத்தனை டைல்ஸ் என்று பேத்தியிடம் கேட்டுப்பாருங்கள்.