ஒரு விதையில் பிறந்த ஆப்பிள்



பண்டிகைக்கு வாங்கிய ஆப்பிளைத் தின்றுவிட்டு, விதையை வாசலில் புதைத்துவைக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் உண்டு. நமது வெப்பத்தில் ஆப்பிள் சரியாகக் காய்க்காது. அது ஒருபுறம் இருக்கட்டும். குளிர்நாட்டில் ஊன்றினாலும் தின்ற பழமே திரும்பக் கிடைக்காது. மகரந்தம் தந்த மரத்தின் குணமும் விதையில் கலந்துவிடுகிறது. பிறப்பது பெரும்பாலும் சுவை குறைந்த பழந்தான். எப்போதோ ஒன்று நன்றாக அமைந்துவிடும். இங்கிலாந்தின் பிராம்லி ஆப்பிள் அப்படி அமைந்தது.

1809ஆம் ஆண்டில், சவுத்வெல் என்னும் சிற்றூரில், மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற இளம்பெண் சில விதைகளை ஊன்றினாள். ஒன்று பெரிய மரமாயிற்று. 1846இல் அந்த வீட்டை வாங்கியவர் பிராம்லி என்னும் இறைச்சிக் கடைக்காரர். 1856இல் மெரிவெதர் என்னும் இளைஞர் ஒட்டுக்கட்டக் குச்சி கேட்டார். பழத்துக்குத் தம் பெயரை வைக்கவேண்டும் என்று சொல்லிப் பிராம்லி கொடுத்தார். ஊன்றியவளோ 1852லேயே இறந்துவிட்டாள். பாடு ஒருவருக்கு, பேர் ஒருவருக்கு என்பது நமக்குப் புதிதா என்ன?

ஒட்டுக்கட்டுவதை நமக்கு விளக்கவேண்டியதில்லை. நல்ல பால்மரத்தின் மொட்டை ரப்பர் நாற்றில் பதிக்கிறோம் அல்லவா? அவ்வாறே பிராம்லிக் குச்சியை வேறோர் ஆப்பிள் நாற்றில் பொருத்திக் கட்டுகிறார்கள். ஆகவே, எங்கே நிற்கும் பிராம்லி மரமும் சவுத்வெல் மரத்தின் ஒரு துண்டே. ஒரு குறை உண்டு. இதன் மகரந்தம் பிற மரங்களுக்குப் பயன்படாது. இதற்குத் துணையாக ஒரு மரமும், அந்தத் துணை காய்க்க இன்னொரு வகையும் அருகில் இருக்கவேண்டும்.

பழம் பெரியது, பச்சை நிறம், கடித்தால் பல் கூசும். நாம் மாங்காயைப் பச்சடிக்கு எடுப்பதுபோல், அவர்கள் இதைச் சமையலுக்கென்றே வைத்திருக்கிறார்கள். வெந்தால் பஞ்சுபோல் குழையும். புளிப்பு மட்டும் குறையாது. நடுவைக் குடைந்து, சீனியும் உலர்ந்த திராட்சையும் அடைத்து, தோல் வெடிக்காதிருக்கச் சுற்றிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டு அடுப்பில் சுடுவார்கள். அக்டோபரில் பறித்து, அடிபடாத பழங்களை ஒன்றோடொன்று ஒட்டாமல் குளிர்ந்த இருட்டறையில் அடுக்கினால் மாதக்கணக்கில் இருக்கும்.

தாய்மரம் 1900ஆம் ஆண்டு வாக்கில் புயலில் சாய்ந்தது. சாய்ந்த இடத்திலேயே வேர்விட்டு மறுபடி எழுந்து காய்த்தது. பின்னர் வேரைத் தின்னும் காளான் அதைப் பற்றியது. அந்த நோய்க்கு மருந்தில்லை. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தார் தாய்மரத்தின் திசுவிலிருந்தே கன்றுகளை உண்டாக்கி, தங்கள் வளாகத்தில் நட்டிருக்கிறார்கள்.