அம்மாவுக்காகவா, அம்மாவாகவா?

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



நாற்பதுகளில் இருக்கும் எமக்கு வீட்டில் ஒரு புதிய வேலை சேர்ந்திருக்கிறது. அம்மாவின் ஓய்வூதியம் வங்கிக்கு வந்ததா என்று பார்ப்பதும், மின்கட்டணம் கட்டுவதும், மாமியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையைக் கைத்தொலைபேசியில் எடுப்பதும் நாமே. அவர்களின் கடவுச்சொல் எமக்கு மனப்பாடம். ஓ.டி.பி. வந்ததும், "அம்மா, அந்த இலக்கத்தை ஒருக்கா வாசியுங்கோ" என்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் வங்கியின் கணினிக்கு அங்கே மகள் தெரிவதில்லை. அம்மாவே வந்து போனதாகத்தான் அது பதிந்துகொள்கிறது.

ஒருவருக்காகச் செய்வது வேறு. அவராகவே ஆகிவிடுவது வேறு. வைத்தியசாலையில் இந்த வேறுபாட்டை நாங்கள் நாளாந்தம் பேணுகிறோம். நினைவிழந்த தாயின் சத்திரசிகிச்சைக்கு மகள் சம்மதம் தரும்போது, தன் பெயரில் ஒப்பமிட்டு உறவுமுறையையும் எழுதுகிறாள். தாயின் கையொப்பத்தை அவள் போடுவதில்லை. காணி விடயத்திலும் அப்படியே. 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அற்றோணித் தத்துவத்துக்கென்றே இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள அண்ணாவுக்காகத் தங்கை உறுதியில் ஒப்பமிட்டால், யாருக்காக, எந்த அதிகாரத்தில் என்பது எழுத்தில் இருக்கும். வேண்டாமென்றால் அதை இரத்துச் செய்யவும் முடியும். இரவல் கடவுச்சொல்லில் இவை எதுவுமே இல்லை.

அடையாள அட்டை இலக்கமும் இரகசியமன்று. 12 இலக்கங்களில் முதல் நான்கு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று, ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளுடன் 500 கூட்டப்படும். இலக்கத்தைச் சொன்னவர்தான் அதற்குரியவர் என்று எவரும் நம்பிவிடக் கூடாது.

பெண்களுக்கு இது உயிர்நாடியான விடயம். மனைவியின் பெயரிலுள்ள தொலைபேசி கணவனின் கையில் இருந்தால், அவளது பரிசோதனை முடிவை அவளுக்கு முன்பே அவன் வாசிப்பான். தனித்திருக்கும் தாயின் கணக்கிலிருந்து பணம் குறைந்தால், எடுத்தவர் யாரென்று காட்ட வழியிராது. நேர்மையாக உதவிய மகள்மீதே பழி விழும்.

மாற்றுவழி உண்டு. டென்மார்க்கிலும் பின்லாந்திலும் தாய் தன் இலத்திரனியல் அடையாளத்தால் நுழைந்து, குறிப்பிட்ட அலுவல்களுக்கு மட்டும் மகளுக்கு அதிகாரம் வழங்கலாம். மகள் தன் சொந்த அடையாளத்துடன் நுழைந்து அவற்றைச் செய்கிறாள். எமது நாட்டிலும் டிஜிட்டல் அடையாள அட்டைக்கான வேலைகள் நடைபெறுகின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் "பிறருக்காக" என்றொரு கதவு வேண்டும் என்று கேட்க வேண்டியவர்கள், தினமும் பிறருக்காகச் செய்கின்ற நாமே.

அதுவரை, வங்கியில் கூட்டுக்கணக்கோ எழுத்துமூல அதிகாரமோ பெற முடியுமா என்று கேட்போம். செய்த கொடுக்கல் வாங்கலை ஒரு கொப்பியில் எழுதி அம்மாவுக்குக் காட்டுவோம். எல்லாவற்றுக்கும் முன்னர், "செய்யட்டுமா?" என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்போம். கண் மங்கினாலும் கை நடுங்கினாலும், தன் அலுவலில் முடிவெடுக்கும் உரிமை அவருடையதே.