அரசிதழ் யாருடன் பேசுகின்றது?



தேர்தலைப் பற்றியோ பதவியைப் பற்றியோ நான் இன்று பேசப் போவதில்லை. கெஜட் என்று நம் பாட்டன்மார் காலந்தொட்டு அழைத்து வருகின்றோமே, அந்த அரசிதழைப் பற்றிப் பேச விரும்புகின்றேன். பெயரை மாற்றிக் கொள்ள வேண்டுமென்றால் மாநில அரசிதழ் நம் நினைவுக்கு வரும். இந்திய அரசின் இதழோ அந்த அளவுக்குக் கூட நினைவுக்கு வருவதில்லை. அதனைப் புரட்டிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? புரட்டுவது என்ற சொல்லுங்கூட இனிப் பொருந்தாது. 2015 அக்டோபர் 1 முதல் அந்த ஏடு தாளில் அச்சாவதில்லை. இணையத்தில் மட்டுமே வெளிவருகின்றது.

அந்த ஏட்டில் முதற்பகுதி, முதற்பிரிவு என்று ஓரிடம் உண்டு. அயல்நாட்டு வணிகத் தலைமை இயக்குநரின் பொது அறிவிப்புகள் அங்கேதான் வெளிவருகின்றன. ஏற்றுமதியாளன் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும், எந்தத் தேதிக்குள் நிரப்ப வேண்டும் என்பன போன்ற நடைமுறைகள் அவை. அதே பிரிவில், குடியரசுத் தலைவர் செயலகம் காவலர்க்கு வழங்கும் வீரதீரப் பதக்கங்களின் அறிவிக்கைகளும் வெளிவருகின்றன. ஒரு பக்கத்தில் சரக்கு, மறுபக்கத்தில் குருதி! இரண்டையும் ஒரே பிரிவில் சேர்த்து வைத்த எழுத்தர் யாரோ, நமக்குத் தெரியாது. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒன்று உண்டு. இரண்டிலும் அரசு தன் குடிமகனை நோக்கிப் பேசுகின்றது. அந்தப் பேச்சு அவன் காதில் விழுகின்றதா? விழுந்தால் விளங்குகின்றதா? இதுதான் என் கேள்வி.

வெளியிடப்படாத சட்டம் சட்டமாகுமா என்ற கேள்வி நம் உச்ச நீதிமன்றத்தின் முன் அது பிறந்த அடுத்த ஆண்டே, 1951-இல், வந்து நின்றது. ஜெய்ப்பூர் மன்னர் சிறுவராக இருந்த காலத்தில், 1923-இல், அமைச்சரவை ஓர் அபினிச் சட்டத்தைத் தீர்மானமாக நிறைவேற்றியது. நிறைவேற்றியதோடு சரி, எங்கும் வெளியிடவில்லை. கால் நூற்றாண்டு கழித்து ஹர்லா என்ற எளிய மனிதருக்கு அந்தச் சட்டத்தின்கீழ் 50 ரூபாய் தண்டம்! ஐம்பது ரூபாய்தானே என்று அவர் கட்டிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்தது. மக்களுக்கு அறிவிக்காத ஒன்றைக் கொண்டு மக்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு ஒவ்வாது என்று நீதிபதி விவியன் போஸ் தீர்ப்பெழுதினார். ஐம்பது ரூபாய் வழக்கு இந்த நாட்டுக்கு ஈட்டித் தந்த செல்வம் அது.

ஆனால் அறிவித்துவிட்டால் மட்டும் போதுமா? 1962 நவம்பர் 28 அன்று மேயர் ஹான்ஸ் ஜார்ஜ் என்ற ஜெர்மானியர் சூரிச்சிலிருந்து மணிலா செல்லும் விமானத்தில் பம்பாயில் வந்து இறங்கினார். இல்லை, இறங்கவும் இல்லை, விமானத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் மேலங்கிக்குள் 34 கிலோ தங்கம்! நாட்டின் வழியே கடந்து செல்லும் தங்கத்தையும் விமானச் சரக்குப் பட்டியலில் காட்ட வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி அறிவிக்கை அரசிதழில் வெளிவந்தது நவம்பர் 24-இல். நான்கே நாள் முன்பு! சூரிச்சில் விமானம் ஏறியவர் டெல்லி அரசிதழை எங்கே கண்டார்? கண்டாரோ இல்லையோ, வெளியிட்டாயிற்று, அது போதும் என்று 1964-இல் பெரும்பான்மை நீதிபதிகள் கூறினர். நீதிபதி சுப்பா ராவ் ஒப்பவில்லை. தங்கம் கடத்துவோருக்காக நான் கண்ணீர் வடிக்கவில்லை. ஆனால் கடத்தற்காரருக்கு எழுதிய அதே விதிதான் வெங்காயம் விளைவிப்பவருக்கும் பொருந்துகின்றது என்பதை மறந்துவிடாதீர்கள்.

வெங்காயத்துக்கு வருவோம். 2023 டிசம்பர் 7 தேதியிட்ட ஓர் அறிவிக்கை வெளிவந்தது. மறுநாள் முதல் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை; 2024 மார்ச் 31 வரை. துறைமுகத்தில் ஏற்றத் தொடங்கிவிட்ட சரக்குக்கும், சுங்கத்தாரிடம் ஒப்படைத்துவிட்ட சரக்குக்கும் மட்டும் விலக்கு. வழியில் லாரியில் வந்துகொண்டிருந்த சரக்கின் கதி? காயும் வெயிலில் அழுகிப்போகும் பண்டம் அது. மராட்டியத்து லாசல்கான் சந்தையில் உழவர்கள் கொதித்தெழுந்தனர், ஏலம் நின்றது. மார்ச்சில் விடியும் என்று காத்திருந்தால், மறு ஆணை வரும் வரை தடை நீடிக்கும் என்றனர். 2024 மே மாதத்தில்தான் தடை நீங்கியது. அப்போதும் டன்னுக்கு 550 டாலர் குறைந்தபட்ச விலை, 40 விழுக்காடு ஏற்றுமதித் தீர்வை என்று இரு சுமைகளை ஏற்றி வைத்தே வாயிலைத் திறந்தனர்.

நகரத்து ஏழையின் அடுப்படியை எண்ணித்தான் தடை விதித்தோம் என்பார்கள். அந்த நியாயத்தை நான் ஒதுக்கவில்லை. விலை ஏறினால் அழுபவரும் நம்மவரே. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்ட் 3-ஆம் நாள் மடிக்கணினி இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று உடனடியாக நடைமுறைக்கு வரும் ஆணை ஒன்று வெளியாயிற்று. பெருநிறுவனங்கள் முகம் சுளித்தன. என்ன நடந்தது? மறுநாளே, அக்டோபர் 31 வரை பழையபடியே கொண்டு வரலாம் என்று இன்னோர் அறிவிக்கை! கணினிக்கு ஒரே நாளில் இரக்கம். வெங்காயத்துக்கு ஐந்து திங்கள் காத்திருப்பு. கணினி அழுகாது, வெங்காயம் அழுகும் என்பதை டெல்லிக்கு யார் சொல்வது?

நேரத்தின் அருமையை அரசுக்கு உணர்த்திய வழக்கும் உண்டு. 2019 பிப்ரவரி 14-இல் புல்வாமாவில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிரிழந்தனர். நாடே துடித்தது. பிப்ரவரி 16 அன்று பாகிஸ்தானிலிருந்து வரும் எல்லாச் சரக்குக்கும் 200 விழுக்காடு சுங்கத் தீர்வை என்று அறிவிக்கை வந்தது. மின்னரசிதழில் அது ஏறிய நேரம் இரவு 8 மணி 46 நிமிடம் 58 நொடி. அன்று பகலிலேயே அட்டாரி எல்லைச் சுங்கத்தில் நுழைவுச் சீட்டுத் தாக்கல் செய்துவிட்ட வணிகர்களிடமும் புதிய தீர்வையைக் கேட்டது அரசு. அறிவிப்பு வெளியான நொடிக்கு முன் அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2020 செப்டம்பர் 23-இல் தீர்த்துச் சொன்னது. நாட்டுப் பற்றின் பெயரால் எழுதப்பட்ட அறிவிக்கையும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டது!

இனிப் பதக்கத்தைப் பார்ப்போம். காவலரின் வீரத்தைக் குறைத்துப் பேசும் கூட்டத்தைச் சேர்ந்தவன் அல்லன் நான். 2008 நவம்பரில் மும்பையில், கையில் தடியோடு மட்டும் நின்று, பயங்கரவாதியின் துப்பாக்கியைப் பற்றிக்கொண்டு உயிர்விட்ட துக்காராம் ஓம்பலேயை எண்ணிப் பாருங்கள். நாடு அவருக்கு அசோகச் சக்கரம் அளித்தது. அத்தகைய வீரத்தைப் போற்றத்தான் 1951 முதல் காவலர் பதக்கங்கள் இருக்கின்றன. அண்மையில் பதினாறு வகைப் பதக்கங்களை நான்காகச் சுருக்கி, 2024 குடியரசு நாளில் புதிய பெயர்களில் வழங்கினர்.

நாளேடுகளில் பெயர்ப் பட்டியல்தான் வரும். செயலின் விவரம் அரசிதழில் வரும். எந்த ஊர், எந்தக் காடு, எந்த நாள், யார் முதலில் சுட்டார், யார் மாண்டார் என்று எழுதி, இறுதியில் விதி 4-ஐயும் விதி 5-ஐயும் சுட்டி, சிறப்புப் படி இன்ன தேதி முதல் உண்டு என்று முடிப்பார்கள். அந்தத் தேதி சண்டை நடந்த நாள். அறிவிக்கையின் தேதியையும் அதனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் ஆண்டுகள் கிடக்கக் காண்பீர்கள்.

அந்த விவரம் ஒரு சாட்சியம், தோழர்களே! அரசே தன் கையெழுத்தில் தரும் சாட்சியம். மாண்டவன் பக்கத்துச் செய்தியை எழுத அந்த ஏட்டில் இடமில்லை. ஆகவேதான் 2014-இல் உச்ச நீதிமன்றம், மோதல் சாவுகளுக்குப் பின் உடனடிப் பதவி உயர்வோ வீரப் பரிசோ கூடாது, வீரம் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்பட்ட பின்னரே வழங்க வேண்டும் என்று விதித்தது. அது வெற்று அச்சமன்று. மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா மாவட்டத்தில் 2002-இல் நடந்த ஒரு மோதலுக்காக ஓர் அதிகாரிக்கு 2004-இல் பதக்கம் தந்தனர். அது போலி மோதல் எனத் தேசிய மனித உரிமை ஆணையம் கண்டது. பதக்கம் பறிக்கப்பட்டதோ 2017-இல். பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் புகழுரை அரசின் சொல்லாக நின்றது.

அந்தப் புகழுரை எந்த மொழியில் எழுதப்படுகின்றது? இந்தியிலும் ஆங்கிலத்திலும். வெங்காயத் தடை? அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஆங்கிலமேனும் அங்கே உறுதியாக நிற்பதற்குக் காரணம் 1965-இல் தமிழ் மாணவர் சிந்திய குருதி. அதன் பின்னரே 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருத்தி, அறிவிக்கைகள் இரு மொழியிலும் வெளிவர வேண்டும் என்று கட்டாயமாக்கினர். இருமொழியோடு நின்றுவிட்டது நீதி. 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கையை எட்டாம் அட்டவணை மொழிகள் அனைத்திலும் வெளியிடுக என்று டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையிட்டபோது, சட்டம் இரு மொழியைத்தான் கேட்கின்றது என்று ஒன்றிய அரசு உச்ச நீதிமன்றப் படியேறியது. அப்படியானால் சட்டத்தைத் திருத்துவதுதானே என்று தலைமை நீதிபதி பாப்டே கேட்டார்.

திருத்தும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மாநில மொழி மொழிபெயர்ப்புகளை அதிகாரப்பூர்வ வாசகமாக்கும் சட்டம் 1973 முதல் கையில் இருக்கின்றது. சட்டங்களுக்கு மட்டுமன்றி, அவற்றின்கீழ் வரும் ஆணைகளுக்கும் விதிகளுக்கும் அது இடந்தருகின்றது. விளைபொருள் ஏற்றுமதி பற்றிய ஒவ்வோர் அறிவிக்கையும் அதே நாளில், அதே நேரத்தில், தமிழிலும் மராத்தியிலும் கன்னடத்திலும் வெளிவர வேண்டும். பதக்க விவரம் அந்தக் காவலரின் தாய் படிக்கும் மொழியிலும், சண்டை நடந்த ஊரின் மொழியிலும் வர வேண்டும். அடுத்த கூட்டத் தொடரில் நம் உறுப்பினர்கள் இதைக் கேள்வியாக எழுப்பவேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கின்றேன்.