பாடத்தை முடிவு செய்வது யார்?



உதவித்தொகை வாங்கிப் படித்தவர்கள் நம்மில் பலர். அண்ணல் அம்பேத்கரே பரோடா மன்னரின் உதவித்தொகையில்தான் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். ஆகவே கொடையை இகழ்ந்து பேச நாம் இங்கே கூடவில்லை. கொடுப்பவர் கொடுத்ததோடு நிற்கிறாரா, நமக்கு என்ன வேண்டும் என்பதையும் அவரே முடிவு செய்கிறாரா என்பதே நம் கேள்வி.

இதற்கு அமெரிக்கத் தென்மாநிலங்களின் வரலாற்றைப் பார்ப்போம். 1890இல் மிசிசிப்பி தொடங்கி, கறுப்பின மக்களின் வாக்குரிமையை அம்மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பறித்தன. வாக்கு போனபின் வரிப்பணத்தின் பெரும்பகுதி வெள்ளையர் பள்ளிகளுக்குப் போயிற்று. அந்த நேரத்தில்தான் வடக்கத்திச் செல்வந்தர்கள் உள்ளே வந்தார்கள். 1902இல் ராக்பெல்லர் பணத்தில் பொதுக் கல்வி வாரியம் உருவானது. பெயர்தான் வாரியம், அது அரசு அமைப்பல்ல. அதன் முதல் தலைவர் ரயில்வே கம்பெனி அதிகாரி. தொடக்க உறுப்பினர்கள் எல்லோரும் வெள்ளையர். கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தச்சும் பயிர்த்தொழிலும் சமையலும் போதும் என்ற வழிக்கே அந்தப் பணம் பெரிதும் சாய்ந்தது. உயர்கல்வியையும் வாக்குரிமையையும் விட்டுக்கொடுக்க முடியாது என்று டூ பாய்ஸ் 1903இலேயே எழுதினார்.

இந்தப் ‘போதும்’ நமக்குத் தெரியாததா? 1953இல் ராஜாஜி அரசின் அரைநேரப் பள்ளித் திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்த மண் இது. போராட்டம் எழுந்தது, முதல்வர் மாறினார், 1954இல் திட்டம் கைவிடப்பட்டது. அரசு என்றால் மக்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். செல்வந்தரின் வாரியத்தை எந்தத் தேர்தலில் தோற்கடிப்பது?

இன்னொரு கணக்கும் உண்டு. சியர்ஸ் கம்பெனியின் ஜூலியஸ் ரோசன்வால்ட் 1912 முதல் கறுப்பினப் பிள்ளைகளுக்குச் சுமார் 5,000 பள்ளிகள் எழும்ப உதவினார். நல்ல காரியம், மறுக்கவில்லை. அவருடைய நிதி தந்தது சுமார் 43 லட்சம் டாலர். கறுப்பின மக்கள் தம் கூலியிலிருந்து திரட்டியது சுமார் 47 லட்சம். ஏற்கெனவே வரி கட்டியவர்கள் இரண்டாம் முறையும் கட்டினார்கள். பள்ளிக்குப் பெயர் மட்டும் ரோசன்வால்ட் பள்ளி.

1946இல் அண்ணல் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் நகலைத்தான் அதில் கேட்டார். உரிமை கேட்பது எப்படி என்று ஒருவரிடமிருந்து ஒருவர் கற்ற உறவு அது.

இன்று நம் பிள்ளைகளின் பள்ளிக்கு எந்த அறக்கட்டளை வந்தாலும், கட்டடம் கட்டட்டும், கணினி தரட்டும். பாடத்தை முடிவு செய்யும் மேசையில் நம்மவர் எத்தனை பேர் என்று முதலில் கேட்போம். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

ஜெய் பீம்.